பட்டியலில் இல்லாத இனத்தை ஆடுவது எப்படி: கைப்பேசியில் மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2

1996-இல் சிம்டெக்ஸ் உருவாக்கி மைக்ரோப்ரோஸ் வெளியிட்ட விண்வெளிப் பேரரசு ஆட்டம் மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2. கணினிக்கென்று வந்ததுதான். ஆனால் பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் செயலி இருந்தால் சாதாரண ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஓடும். சுற்றுச் சுற்றாக ஆடுவதால் அவசரமில்லை. தஞ்சாவூரில் ரயில் ஏறி மயிலாடுதுறையில் இறங்குவதற்குள் கொஞ்சம் ஆடலாம், மிச்சத்தை வீட்டுக்கு வந்து தொடரலாம்.

இதில் தயாராக 13 இனங்கள் உண்டு. சைலான் ஆராய்ச்சியில் கெட்டி, க்ளாக்கான் உற்பத்தியில், சக்ரா மக்கள் பெருக்கத்தில். அவற்றின் பலம், பலவீனம் எல்லாவற்றையும் ஆட்டமே நிரப்பிக் கொடுத்துவிடும். பட்டியலின் கடைசியில் இருக்கும் ‘கஸ்டம்’ அப்படியல்ல. அங்கே நீங்களே ஓர் இனத்தைக் கட்டவேண்டும். அதற்கு விளக்கம் கிடையாது, பரிந்துரை கிடையாது. தப்பான கலவையைத் தேர்ந்தாலும் ஆட்டம் எச்சரிக்காமல் ஏற்றுக்கொள்ளும். எங்கே சறுக்கினோம் என்று தெரிய 30, 40 சுற்று ஆகிவிடும். அதனால் முதல் சுற்றுக்கு முன்பே கணக்கை முடித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்தக் கணக்குதான்.

முதலில் ஒன்று. ஆட்டத்தில் எதிரியாக வரும் ஆண்டாரன்களை நாம் ஆட முடியாது. அவர்களுக்குத் தேர்வுத் திரையில் இடமே இல்லை. அவர்களைப் போல ஓர் இனத்தைக் கட்டலாம், அவ்வளவுதான். அதைக் கடைசியில் பார்ப்போம்.

கைப்பேசியில் ஏற்றுவது

ஆட்டத்தைக் காசு கொடுத்தே வாங்குங்கள். கணினி ஆட்டங்களை விற்கும் ஜிஓஜி தளத்தில் முதல் பாகமும் இரண்டாம் பாகமும் சேர்ந்து கிடைக்கும். வாங்கும் கோப்பு விண்டோஸ் கணினிக்கானது. வீட்டில் கணினி இல்லாவிட்டால் தெரிந்தவர் கணினியில் ஒருமுறை நிறுவி, ஓரியன்2 என்ற இயக்கக் கோப்பு இருக்கும் கோப்புறையை முழுதாகக் கைப்பேசிக்கு நகலெடுங்கள். இயக்கக் கோப்பை மட்டும் எடுத்து வந்தால் ஓடாது. படமும் ஒலியும் எழுத்தும் எல்பிஎக்ஸ் என்று முடியும் கோப்புகளில்தான் இருக்கின்றன.

பிறகு மேஜிக் டாஸ்பாக்ஸ் போன்ற செயலியில் புதிய பதிவு ஒன்றை உருவாக்கி, அந்தக் கோப்புறையை சி டிரைவாகக் காட்டி, ஓரியன்2-ஐத் தொடக்க நிரலாக வையுங்கள். நினைவகம் 16 எம்பி போதும். ‘சைக்கிள்’ என்ற வேக அளவை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். இது சுற்றாட்டம், அதிக வேகத்தால் பயனில்லை, கைப்பேசி சூடாகி பேட்டரி இறங்கும். சித்திரை வெயிலில் இது உடனே தெரியும். சுட்டி திணறாத குறைந்த அளவைக் கண்டுபிடித்து அங்கேயே நிறுத்துங்கள்.

வலது கிளிக்குக்கு என்று திரையில் ஒரு பொத்தானைக் கட்டாயம் வையுங்கள். எந்தப் பொருளின் மீதும் வலது கிளிக் செய்தால் அது என்ன என்ற விளக்கம் வரும். புதியவருக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை. ஆட்டத்தின் திரை அளவு 640×480. கைப்பேசியின் நீளத்துக்கு அதை இழுத்து நிரப்பினால் எழுத்து கலங்கும், இரு பக்கமும் கறுப்பாக இருக்கட்டும்.

ஆட்டம் தானாகச் சேமிப்பது 10-ஆம் எண் கோப்பில். 1 முதல் 9 வரை உங்கள் கையில். அழைப்பு வந்தால் சில கைப்பேசிகள் பின்னணியில் இருக்கும் செயலியை மூடிவிடும். ஆகவே போர் தொடங்குமுன் ஒருமுறை நீங்களே சேமித்துவிடுங்கள்.

முதல் ஆட்டத்துக்கான அமைப்பு

கடினம் ‘ஆவரேஜ்’, விண்மண்டலம் ‘மீடியம்’, ஆட்டக்காரர் 4, தொழில்நுட்பத் தொடக்கமும் ‘ஆவரேஜ்’. திடீர் நிகழ்வுகளையும் ஆண்டாரன் தாக்குதலையும் அணைத்துவிடுங்கள். போரில் கப்பல்களை நாமே நடத்தும் ‘டாக்டிகல் காம்பாட்’ மட்டும் இயக்கத்தில் இருக்கட்டும். அதை அணைத்தால் கப்பலை நீங்களே வடிவமைக்கும் வசதி போய்விடும். கீழே சொல்லப்போகும் போர்முறை முழுக்க அந்த வசதியை நம்பியது.

பத்துப் புள்ளிக் கணக்கு

கையில் கொடுப்பது 10 புள்ளி. பலவீனங்களை ஏற்றுக்கொண்டால் இன்னும் 10 வரை கிடைக்கும். ஆக, அதிகபட்சம் 20 புள்ளிக்குப் பலங்களை வாங்கலாம். 10-க்கு மேல் பலவீனம் எடுக்க ஆட்டம் விடாது.

புதியவர்கள் பலத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். திருப்பிச் செய்யுங்கள், எதை விற்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விதை நெல்லை விற்றுக் கடனை அடைக்கலாம், அடுத்த போகத்துக்கு விதைக்க ஒன்றும் இருக்காது. மக்கள் பெருக்கத்தைப் பாதியாகக் குறைத்தால் 4 புள்ளி வரும். வாங்கிய உடனே நல்ல வியாபாரமாகத் தெரியும். ஆனால் இந்த ஆட்டத்தில் உழவரும் தொழிலாளரும் ஆய்வாளரும் எல்லாம் அந்த மக்களே. பெருக்கம் குறைந்தால் மூன்றும் சேர்ந்து குறையும். அது விதை நெல். உற்பத்தியைக் குறைத்து 3, ஆராய்ச்சியைக் குறைத்து 3, வருமானத்தைக் குறைத்து 4 என்று வருபவையும் அந்த வகைதான். தொடாதீர்கள்.

விற்கத் தக்கவை மூன்று. ‘ரிபல்சிவ்’ 6 புள்ளி தரும். மற்ற இனங்கள் உங்களை வெறுக்கும். போர், சமாதானம் தவிர எந்த ஒப்பந்தமும் இல்லை, தொழில்நுட்பப் பரிமாற்றமும் இல்லை. தரைப்படை 10 குறைந்தால் 2 புள்ளி. கப்பல் தாக்குதல் 20 குறைந்தால் 2 புள்ளி. கூட்டினால் சரியாக 10. இந்த மூன்றும் அண்டை வீட்டாரைச் சந்திக்கும்போதுதான் வலிக்கும். வீட்டுக்குள் விளைச்சலைத் தொடாது. அண்டை வீட்டாரைச் சந்திக்கக் கொஞ்ச காலம் ஆகும், அந்தக் காலத்தை வளர்ச்சிக்குப் பயன்படுத்துகிறோம்.

‘அன்க்ரியேட்டிவ்’ என்பதற்கு 4 புள்ளி கிடைக்கும், பலரும் எடுப்பார்கள். ஒவ்வொரு ஆராய்ச்சிப் பிரிவிலும் வழக்கமாக ஒன்றைத் தேர்ந்தெடுப்போம், மற்றவை கை நழுவும். அன்க்ரியேட்டிவ் இனத்துக்கு அந்தத் தேர்வும் இல்லை, ஆட்டமே ஏதாவது ஒன்றைத் தள்ளிவிடும். பழகியவர் சமாளிப்பார். முதல் ஆட்டத்தில் வேண்டாம்.

இனி 20 புள்ளியை எங்கே செலவிடுவது?

காவிரிக் கரைக்காரர்களுக்கு உடனே கண்ணில் படுவது ‘அக்வாட்டிக்’, 5 புள்ளி. கடல் கோளும் நிலக் கோளும் இந்த இனத்துக்குச் சொர்க்கம் மாதிரி விளையும். சதுப்பும் பனிநிலமும்கூட நல்ல நிலமாகிவிடும். தண்ணீரில் வாழும் இனம் என்றதும் நம்மூர் ஞாபகம் வருவது இயல்பு. அதோடு ‘யூனிஃபிகேஷன்’ ஆட்சி 6, நிலத்தடியில் வாழும் ‘சப்டெரேனியன்’ 6, உற்பத்தி +1 என்பது 3. மொத்தம் 20. பார்க்க அழகான கலவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தொடக்கத்தில் 8 அலகு மக்கள். ஒவ்வோர் அலகும் சுற்றுக்கு 1 உணவு தின்னும். அக்வாட்டிக் உழவர் ஒருவர் 3 உணவு தருவார், யூனிஃபிகேஷன் அதைப் பாதி கூட்டி 4.5 ஆக்கும். ஆகவே 2 உழவர் போதும். மீதி 6 பேர் தொழிலில். ஒருவருக்கு 3, நம் கூடுதல் 1, ஆட்சியின் பாதி சேர்ந்து 6. மொத்தம் 36 உற்பத்தி.

இந்த 36-உம் கைக்கு வராது. நடுத்தர அளவுக் கோள் 6 உற்பத்திவரைதான் மாசில்லாமல் தாங்கும். அதற்கு மேல் வருவதில் பாதி மாசைச் சுத்தம் செய்யவே போய்விடும். 36-இல் 6 கழித்தால் 30, அதில் பாதி 15 போச்சு. மிஞ்சுவது 21. வெள்ளக் காலத்தில் காவிரித் தண்ணீரில் ஒரு பங்கு வயலுக்கு வராமல் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போவதுபோல.

இப்போது ‘டாலரன்ட்’ என்ற பலத்தைப் பாருங்கள். 10 புள்ளி. விலையைப் பார்த்தே பலர் தாண்டிப் போய்விடுவார்கள். இந்த இனத்துக்கு மாசு என்பதே கிடையாது. யூனிஃபிகேஷன் 6, உற்பத்தி +1-க்கு 3, பெரிய தாய்க்கோள் 1 சேர்த்தால் இதுவும் சரியாக 20. உழவர் ஒருவர் 2 உணவுதான், பாதி கூடினால் 3. ஆக 3 உழவர், 5 தொழிலாளர். உற்பத்தி 30. அந்த 30-உம் முழுதாகக் கைக்கு வரும்.

21 எங்கே, 30 எங்கே! ஒரு தொழிலாளர் குறைவாக வைத்தும் ஒன்றரை மடங்குக்கு அருகில் வந்துவிட்டோம். மக்கள் பெருகப் பெருக இந்த இடைவெளி இன்னும் விரியும். தவிர, டாலரன்ட் இனத்துக்கு ஏறக்குறைய எல்லாக் கோளிலும் மக்கள் கொள்ளளவு கூடும். மற்றவர் தரிசு என்று விட்டுப்போன கோளும் உங்களுக்குக் குடியிருக்கத் தகுந்ததாகிவிடும். முதல் ஆட்டத்துக்கு இந்த இனத்தையே பரிந்துரைக்கிறோம். பெயர் உங்கள் விருப்பம். ஆங்கில எழுத்தில்தான் அடிக்க முடியும், ‘பொன்னி’ என்று வைத்தால் அடிக்கவும் எளிது.

தேர்வு செய்த புள்ளிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க அந்தத் தாள் வேண்டும். ‘அக்செப்ட்’ அழுத்துமுன் மிச்சப் புள்ளி பூஜ்ஜியம்தானா என்று பாருங்கள். செலவழிக்காத புள்ளி வீண்.

முதல் 30 சுற்று

கையில் தாய்க்கோள், ஒரு குடியேற்றக் கப்பல், இரண்டு சாரணர் கப்பல் இருக்கும். சாரணர் இருவரையும் எதிரெதிர்த் திசையில் பக்கத்து விண்மீன்களுக்கு அனுப்புங்கள். குடியேற்றக் கப்பலை முதல் சுற்றிலேயே அவசரமாக இறக்காதீர்கள். சாரணர் இரண்டு மூன்று விண்மீனைப் பார்த்துச் சொல்லட்டும். கனிம வளத்தைக் கவனியுங்கள். ஒரு தொழிலாளர் சாதாரணக் கோளில் 3, வளமான கோளில் 5, மிக வளமான கோளில் 8 உற்பத்தி தருவார். ஏழைக் கோளில் 2, மிக ஏழையில் 1. மாசில்லாத நம் இனத்துக்கு 8 என்பது தங்கச் சுரங்கம். தட்பவெப்பம் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் அதையே பிடியுங்கள்.

மக்களை முதலில் இப்படிப் பிரியுங்கள்: 3 உழவர், 5 ஆய்வாளர். தொழிலில் யாருமே வேண்டாம். ஆய்வாளர் ஒருவர் 3 வீதம் சுற்றுக்கு 15 வரும். முதலில் 80 விலையுள்ள ‘அட்வான்ஸ்ட் இன்ஜினியரிங்’ பிரிவை முடியுங்கள். அடுத்து 150 விலையுள்ள ‘அட்வான்ஸ்ட் கன்ஸ்ட்ரக்‌ஷன்’ பிரிவை எடுத்து ‘ஆட்டோமேட்டட் ஃபேக்டரி’யைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 15 சுற்று ஆகும், சில சுற்று கூடவும் செய்யலாம். ஆராய்ச்சி முடிவதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு.

இங்கே கைப்பேசியில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. குடியிருப்புத் திரையில் வரிசையாக நிற்கும் உருவங்களில் ஒன்றைத் தொட்டால் அதற்கு வலப்பக்கம் இருப்பவர் எல்லாரும் சேர்ந்தே கிளம்புவார்கள். ஒருவரை மட்டும் மாற்ற வேண்டுமானால் வரிசையின் கடைசி உருவத்தைத் தொடவேண்டும். விரல் ஒரு உருவம் தள்ளிப் பட்டால் உழவர் இருவர் ஆய்வகத்துக்குப் போய்விடுவார்கள், நீங்கள் பார்க்காமல் அடுத்த சுற்றை அழுத்துவீர்கள், பஞ்சம் வரும். சுற்றை முடிக்குமுன் உணவு எண்ணைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

தொழிற்சாலை நுட்பம் வந்த சுற்றிலேயே ஆய்வாளர் ஐவரையும் தொழிலுக்கு மாற்றுங்கள். கட்டட விலை 60. சுற்றுக்கு 30 வருகிறது, 2 சுற்றில் முடியும். அது எழுந்ததும் உற்பத்தி 40-ஐத் தாண்டும். பிறகு ‘காலனி பேஸ்’, விலை 200. உங்கள் சொந்த விண்மீனைச் சுற்றும் வேறொரு கோளில் மட்டும் குடியேற்றலாம். முழுக் குடியேற்றக் கப்பலின் விலை 500 என்பதால் சொந்தத் தெருவை முதலில் நிரப்புவதே லாபம். நாற்றங்கால் பக்கத்து வயலிலேயே நடவு செய்வது போல, வண்டிச் செலவு இல்லை.

அடுத்த ஆராய்ச்சி ‘ஆப்ட்ரானிக்ஸ்’ பிரிவில் ‘ரிசர்ச் லேபரட்டரி’, இதுவும் 150. அது வந்த பிறகு தாய்க்கோளில் பாதிப் பேர் ஆய்வில், பாதிப் பேர் தொழிலில் என்று வைத்தால் சீராகப் போகும்.

உணவும் சரக்குக் கப்பலும்

டெல்டாவில் பிறந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம்: விளைகிற இடம் ஒன்று, தின்கிற இடம் வேறொன்று. கனிமக் கோளில் நெல் விளையாது. அங்கே எல்லாரையும் தொழிலில் வைத்துவிட்டு உணவைத் தாய்க்கோளிலிருந்து அனுப்புங்கள். அதற்குச் சரக்குக் கப்பல் வேண்டும். 50 உற்பத்திக்கு 5 கப்பல் கிடைக்கும். ஒரு கப்பல் 1 உணவு சுமக்கும். மக்களை ஒரு கோளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, ஓர் அலகுக்கு 5 கப்பல். ஓடும் கப்பலுக்கு மட்டும் பராமரிப்புச் செலவு. நிற்கும் கப்பலுக்கு இல்லை, ஆகவே கொஞ்சம் அதிகமாகவே கட்டி வைக்கலாம்.

தவறு எங்கே நடக்கும் என்றால், தொலைவில் மூன்றாவது, நான்காவது குடியேற்றத்தைத் தொடங்கிவிட்டுக் கப்பலை மறப்பதில். மொத்த உணவு மிச்சம் என்று திரை காட்டும், கடைமடைக் கோளில் மட்டும் மக்கள் பட்டினியில் குறைவார்கள். மேட்டூரில் தண்ணீர் இருந்தும் வாய்க்கால் தூர்வாராவிட்டால் வேதாரண்யம் பக்கம் வராதே, அதே கதை. குடியேற்றம் இறங்குமுன் கப்பல் தயாராக இருக்கவேண்டும்.

எந்த நுட்பத்தை விடுவது

இந்த இனத்தின் உண்மையான சுகம் இங்கேதான் தெரியும். மற்ற இனங்கள் மனம் கசந்து தேர்ந்தெடுக்கும் இடங்களில் உங்களுக்குத் தயக்கமே வராது. ‘அட்வான்ஸ்ட் கெமிஸ்ட்ரி’ பிரிவில் மாசைக் குறைக்கும் கட்டடமும் ‘மெர்குலைட்’ ஏவுகணையும் எதிரெதிரே நிற்கும். உங்களுக்கு மாசு இல்லை, ஏவுகணையை எடுங்கள். யூனிஃபிகேஷன் ஆட்சியில் மன உற்சாகம் என்ற கணக்கே இல்லாததால் ‘ஹோலோ சிமுலேட்டர்’ போன்ற கேளிக்கைக் கட்டடங்களும் பயனற்றவை. அதே பிரிவிலுள்ள ‘பிளானட்டரி சூப்பர்கம்ப்யூட்டர்’ உங்களுக்குத்தான்.

ஆனால் ஒரு இடத்தில் வலிக்கும். ஆட்டோமேட்டட் ஃபேக்டரியை எடுத்தபோது அதே பிரிவிலிருந்த ஏவுகணைத் தளத்தை இழந்தோம். வேறு இனமாக இருந்தால் யாரிடமாவது பண்டமாற்றில் வாங்கும். நம்மிடம் யாரும் பேசமாட்டார்கள். ஒற்றன் திருடி வரவேண்டும், இல்லையேல் எதிரியின் கோளைப் பிடிக்கவேண்டும். ஆகவே எல்லைக் கோளுக்கு ‘ஸ்டார் பேஸ்’ என்ற காவல் விண்தளம் கட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். எத்தனை கப்பல் வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்லும் கட்டளைப் புள்ளியையும் அது கூட்டும். கட்டளைப் புள்ளிக்கு மேல் கப்பல் வைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் சுற்றுக்கு 10 பணம் போகும். கஜானா காலியாவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

போர்

கப்பல் தாக்குதலில் 20 விற்றுவிட்டோம். அந்தக் குறை கதிர் ஆயுதங்களைத்தான் பாதிக்கும், ஏவுகணைக்கு அது பொருட்டில்லை. எனவே லேசரை மறந்துவிட்டு ஏவுகணைக் கப்பல்களாகவே கட்டுங்கள். வடிவமைப்புத் திரையில் ஒவ்வொரு ஏவுகணைக்கும் எத்தனை சுடு என்று கேட்கும். 5 போதும். 20 என்று வைத்தால் இடம் முழுக்க அதுவே பிடித்துக்கொள்ளும், போர் அதற்குள் முடிந்திருக்கும். ஒரே பெரிய கப்பலைவிட நடுத்தரக் கப்பல் நான்கைந்து ஒரே சுற்றில் சேர்ந்து சுடுவது மேல்.

தரைப்படைக் குறையை எண்ணிக்கையால் ஈடுகட்டுங்கள். ஒரு ‘டிரான்ஸ்போர்ட்’ 100 உற்பத்தி, 4 படை சுமக்கும். எதிரிக் கோளில் 8 படை இருந்தால் இரண்டு டிரான்ஸ்போர்ட் போதாது, குறைந்தது நான்கு அனுப்புங்கள். பிடித்த கோளின் மக்கள் உங்களோடு கலக்க யூனிஃபிகேஷனில் ஓர் அலகுக்கு 20 சுற்று ஆகும். அதுவரை அந்தக் கோளிலிருந்து பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

பிறகு கட்டிப் பார்க்க இரண்டு இனம்

பொன்னி இனத்தோடு ஒரு ஆட்டத்தை முடித்த பிறகு ஆராய்ச்சி இனம் ஒன்றைக் கட்டிப் பாருங்கள். ‘டெமாக்ரசி’ 7, ‘க்ரியேட்டிவ்’ 8, ஆராய்ச்சி +1-க்கு 3, வளமான தாய்க்கோள் 2. பலவீனங்கள் பழையபடியே. க்ரியேட்டிவ் இனம் ஒவ்வொரு பிரிவிலும் உள்ள எல்லா நுட்பத்தையும் பெறும், எதையும் இழக்காது. தொடக்கம் மெதுவாக இருக்கும், மாசுக் கணக்கும் திரும்ப வரும், ஒற்றர் தொல்லையும் அதிகம். பின்பாதியில் இதை எதிர்கொள்வது எல்லாருக்கும் சிரமம்.

ஆண்டாரன் சாயலில் வேண்டுமென்றால் கப்பல் வேகத்தைக் கூட்டும் ‘டிரான்ஸ் டைமென்ஷனல்’ 5, கப்பல் படையினரின் திறனைக் கூட்டும் ‘வார்லார்ட்’ 4, கப்பல் தாக்குதல் +50-க்கு 4, பாதி இயந்திர இனமான ‘சைபர்நெட்டிக்’ 4, உற்பத்தி +1-க்கு 3. பலவீனமாக ரிபல்சிவ் 6, ‘ஃபியூடல்’ ஆட்சி 4. ஃபியூடலில் கப்பல் விலை மூன்றில் ஒரு பங்கு குறையும், ஆராய்ச்சி பாதியாகும். ஆகவே சீக்கிரம் தாக்கியே ஆகவேண்டும். அண்டை இனம் பக்கத்திலேயே இருக்கும்படி ‘ஸ்மால்’ விண்மண்டலத்தை எடுங்கள். 60, 70 சுற்றுக்குள் ஒரு தாய்க்கோளையாவது பிடிக்க முடியாவிட்டால் அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு, நோட்டைப் பார்த்து, ஃபியூடலுக்குப் பதில் வேறு 4 புள்ளியைத் தேடித் திரும்பத் தொடங்குங்கள்.